சுரேந்திரநாத் பானர்ஜி: வங்காளத்தின் பத்திராசிரியர் மிதவாதியாக மாறினாரா, மிதவாதியாகவே இருந்தாரா?

தாமிரபரணியான்:

சுரேந்திரநாத் பானர்ஜியைப் பற்றி நம் பாடநூல்களும் வார இதழ்க் கட்டுரைகளும் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றேதான். வங்கப் பிரிவினையை எதிர்த்து முழங்கியவர், பிற்காலத்தில் சர் பட்டமும் அமைச்சர் பதவியும் வாங்கிக்கொண்டு மக்களிடமிருந்து விலகிப்போனவர் என்று அவரை இரண்டு துண்டாக வெட்டி வைத்துவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கல்கத்தா மாநகராட்சியோடு அவருக்கு இருந்த உறவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அந்த இரண்டு துண்டுகளும் ஒரே ஆள்தான் என்பது விளங்கும்.

1899-இல் வைஸ்ராய் கர்சன் காலத்தில் நிறைவேறிய சட்டம் கல்கத்தா மாநகராட்சியின் கையைக் கட்டிப்போட்டது. அதுவரை அங்கே 75 உறுப்பினர்களில் 50 பேர் வரி கட்டுவோரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். புதிய சட்டம் மொத்த எண்ணிக்கையை 50 ஆகக் குறைத்து, அதில் 25 பேரை மட்டுமே தேர்தலுக்கு விட்டது. பெரும்பான்மை போனதும் 28 உறுப்பினர்கள் ஒன்றாகப் பதவி விலகினார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர் 'பெங்காலி' பத்திரிகையின் ஆசிரியரும் நெடுங்கால மாநகராட்சி உறுப்பினருமான சுரேந்திரநாத். அடுத்த 20 ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பவில்லை. 1921-இல் மாகாணத்தின் தலசுயாட்சித் துறை, அதாவது உள்ளாட்சித் துறை, அமைச்சர் என்ற முறையில் அவர் கைக்கு வந்ததும் அவர் கையிலெடுத்த பெரிய வேலை அந்தச் சட்டத்தை மாற்றி எழுதியதுதான். 1923-ஆம் ஆண்டின் கல்கத்தா மாநகராட்சிச் சட்டம் அப்படி வந்தது.

பதவிக்காக ஒருவர் கொள்கையை விற்றார் என்றால், விற்ற பிறகு அதே கொள்கையைச் சட்டமாக்குவதற்கு இரண்டு ஆண்டுகள் மல்லாடியிருக்க மாட்டார். இந்த இழையில் அவரது வாழ்க்கையை முழுமையாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்:

தயங்காமல் எழுதுகிறேன், தாமிரபரணியான். சட்டத்தை மாற்றி எழுதியதை மறுக்கவில்லை. எந்த வேளையில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார் என்பதுதான் என் கேள்வி. ரவுலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும் நடந்து முடிந்திருந்தன. 1920-இன் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்திருந்தது. வக்கீல்கள் வழக்காடுவதை நிறுத்தினார்கள், மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். அந்த நேரத்தில், ஆண்டுக்கு 64,000 ரூபாய் சம்பளத்தில் ஆளுநரின் அமைச்சராகப் போய் அமர்ந்தவரை, 15 ஆண்டுகளுக்கு முன் அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன அதே மனிதர் என்று வங்காளத்து இளைஞன் எப்படி அடையாளம் கண்டுகொள்வான்? கொள்கை மாறாமல் இருந்திருக்கலாம். நாடு மாறிவிட்டது, அவர் மாறவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. அதற்கு அவரைப் பாராட்ட வேண்டியதில்லை.

வழக்குமன்றம்:

அமைச்சர் பதவிக்கு இவ்வளவு சீக்கிரம் தாவ வேண்டாம் என்று தோன்றுகிறது. இந்த மனிதர் அரசாங்கத்தை எப்படிப் பார்த்தார் என்பதற்கு வேர் 1869-க்கும் 1875-க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் இருக்கிறது. அந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அவர் பிறந்தது 1848 நவம்பர் 10. தந்தை துர்காசரண் கல்கத்தாவில் பெயர் பெற்ற மருத்துவர். ரமேஷ் சந்திர தத்தும் பிகாரிலால் குப்தாவும் இவரும் 1868-இல் ஒன்றாகக் கப்பலேறி, 1869-இல் மூவருமே ஐ.சி.எஸ். தேர்வில் வென்றார்கள். தேறிய கையோடு இவர் பெயரை நீக்கினார்கள். மெட்ரிகுலேஷன் எழுதியபோது இவர் கொடுத்த வயதைக் கணக்கிட்டால் வயது வரம்பைத் தாண்டிவிட்டது என்பது காரணம். நடப்பு வயதைச் சொல்வது நம் நாட்டு வழக்கம். பதினைந்து முடிந்து பதினாறு நடக்கிறது என்றால் பதினாறு என்றுதான் நம் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். இந்த விளக்கத்தை ஆணையர்கள் ஏற்கவில்லை. லண்டனில் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்குப் போய் வழக்காடித்தான் தம் இடத்தை மீட்டார். அந்தப் போராட்டத்துக்கு நடுவிலேயே ஊரில் தந்தை இறந்துபோனார்.

1871-இல் சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தார். மூன்று ஆண்டுகள்கூட ஓடவில்லை. படகுத் திருட்டு வழக்கொன்றில் யுதிஷ்டிரன் என்ற குற்றம் சாட்டப்பட்டவனின் பெயர், அவன் ஓடிப்போகாதபோதும் தலைமறைவானோர் பட்டியலில் ஏறியிருந்தது. அந்தத் தாளில் இவர் கையெழுத்து இருந்தது. அலுவலக எழுத்தர் அடுக்கி நீட்டும் தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவது எல்லா மாவட்டக் கச்சேரிகளிலும் அன்றாடம் நடப்பதுதான். இவர் விஷயத்தில் மட்டும் விசாரணைக் குழு உட்கார்ந்தது. வேண்டுமென்றே பொய்ப் பதிவு செய்தார் என்று முடிவு கட்டினார்கள். 1874-இல் வேலை போனது. கருணைத் தொகையாக மாதம் 50 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். லண்டனுக்குப் போய் முறையிட்டும் பலிக்கவில்லை. பாரிஸ்டர் ஆகலாம் என்று முயன்றால், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் என்ற காரணத்தைக் காட்டி அந்தக் கதவையும் சாத்தினார்கள்.

இருபத்தாறு வயதில் அரசு வேலையும் இல்லை, வக்கீல் தொழிலும் இல்லை என்று ஆனவர் அவர். அதற்குப் பிறகும் அரசாங்கத்தை உடைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதன் சட்டங்களை அதன் மீதே திருப்பிப் பிடிக்கலாம் என்று நினைத்தார். வயது வழக்கில் அந்த வழி ஒருமுறை பலித்திருந்தது அல்லவா?

மலர்விழி:

வழக்குமன்றம் ஐயா சொன்னதன் தொடர்ச்சியாக. 1875-இல் கையைப் பிசைந்துகொண்டு ஊர் திரும்பியவருக்கு வேலை கொடுத்தவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். தம் மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் மாதம் 200 ரூபாய்க்கு ஆங்கிலப் பேராசிரியராக அமர்த்தினார். அரசாங்கம் வேண்டாம் என்று தள்ளியவரைக் கல்கத்தாவின் மிக மதிப்புக்குரிய மனிதர் அழைத்து உட்கார வைத்ததற்கு அன்று என்ன பொருள் இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிறகு அவரே ஒரு சிறு பள்ளியை எடுத்து வளர்த்து ரிப்பன் கல்லூரி ஆக்கினார். இன்று அதற்கு அவர் பெயரே இருக்கிறது.

1876 ஜூலை 26 அன்று கல்கத்தா ஆல்பர்ட் ஹாலில், அவர் முன்னின்று அமைத்த இந்தியச் சங்கம் என்ற அரசியல் அமைப்பின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அன்று காலையில் அவருடைய மகன் இறந்துபோனான். கூட்டத்தில் எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது என்று சேதி வந்ததும், மாலையில் எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். இதைத் தியாகம் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. வீட்டில் அந்தத் தாய் என்ன நினைத்திருப்பாள் என்று கேட்பவர்களும் இருக்க வேண்டும். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள் என்றாலும், இந்த மனிதருக்குப் பொதுவாழ்க்கைக்கு வெளியே ஒரு வாழ்க்கை எஞ்சியிருக்கவில்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

அடுத்த ஆண்டு ஐ.சி.எஸ். தேர்வின் வயது வரம்பை 21-இலிருந்து 19 ஆகக் குறைத்தார்கள். இந்தியப் பிள்ளைகள் லண்டனில் போய் எழுதவே முடியாதபடி செய்கிற ஏற்பாடு அது. 1877-இலும் 1878-இலும் சுரேந்திரநாத் லாகூர் வரை வடக்கேயும், பம்பாய் வழியாகச் சென்னை வரை தெற்கேயும் ரயிலில் ஊர் ஊராகப் போய் ஒரே கோரிக்கைக்கு ஆதரவு திரட்டினார். காங்கிரஸ் பிறப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது. இந்தியா முழுவதையும் ஒரே அரசியல் மேடையாகப் பார்த்த முதல் மனிதர்களில் ஒருவர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம்.

கொல்லிமலையார்:

பத்திரிகையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. தலைப்பே பத்திராசிரியர் என்றுதான் சொல்கிறது.

'பெங்காலி' அவர் தொடங்கியது அல்ல. 1860-களில் கிரீஷ் சந்திர கோஷ் நிறுவிய ஆங்கில வார இதழ் அது. நலிந்து கிடந்ததை வாங்கி, 1879 ஜனவரி 1 முதல் சுரேந்திரநாத் நடத்தத் தொடங்கினார். நம்மூர் 'ஹிந்து' 1878 செப்டம்பர் 20-இல் பிறந்தது என்பதை நினைத்துக்கொண்டால் காலத்தின் போக்கு பிடிபடும். மூன்றே மாத இடைவெளியில் கல்கத்தாவிலும் சென்னையிலும் படித்த இளைஞர்கள் ஒரே மாதிரியான வேலையில் இறங்கியிருக்கிறார்கள். 1878-இல்தான் வைஸ்ராய் லிட்டன் தாய்மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டார். ஆங்கிலத்தில் வரும் ஏடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அரசாங்கத்தைக் கண்டிக்க விரும்பிய இந்தியனுக்கு அன்று ஆங்கிலமே பாதுகாப்பான மொழியாக இருந்த விநோதத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

லாகூரில் 1881-இல் 'டிரிப்யூன்' தொடங்கியதிலும் இவருக்குப் பங்கு உண்டு. தியால் சிங் மஜீதியாவுக்கு யோசனை சொல்லி, அச்சுக்கூடத்தைக் கல்கத்தாவில் வாங்கிக் கொடுத்து, முதல் ஆசிரியரையும் பார்த்து அனுப்பியவர் அவர். 1900-இல் 'பெங்காலி' நாளேடானது. ராய்ட்டர் செய்திச் சேவைக்குப் பணம் கட்டி வாங்கிய முதல் இந்திய ஏடு அதுதான் என்று சொல்வார்கள். ஆங்கிலேயர் நடத்திய 'ஸ்டேட்ஸ்மன்', 'இங்கிலீஷ்மன்' ஏடுகளுக்கு ஈடாக வெளிநாட்டுத் தந்திச் செய்தி இந்தியர் ஏட்டிலும் வர வேண்டும் என்று யோசித்ததே ஒரு தொழில் முடிவு. தலையங்கம் மட்டும் எழுதும் ஆசிரியருக்கு இந்த யோசனை வராது.

நமக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. 1897-இல் இந்தியாவின் நிதிச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் லண்டனில் சாட்சி சொல்லப்போன இந்தியர்கள் நால்வர்: கோகலே, வாச்சா, சுரேந்திரநாத், நம் ஜி. சுப்பிரமணிய ஐயர். நால்வரில் இருவர் முழுநேரப் பத்திராசிரியர்கள். பட்ஜெட்டை வரிவரியாகப் படித்துக் கணக்குக் கேட்கத் தெரிந்த தலைமுறை அது.

வழக்குமன்றம்:

கொல்லிமலையார் தொழிலைச் சொல்லிவிட்டார். நான் அந்தத் தொழிலுக்கு அவர் கொடுத்த விலையைச் சொல்கிறேன். 1883-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் பார்க்க வேண்டிய ஒன்று.

கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஒரு குடும்ப வழக்கில், வழிபாட்டில் இருந்த சாளக்கிராமத்தை நீதிமன்றத்துக்கு எடுத்துவரச் செய்து நீதிபதி நாரிஸ் பார்வையிட்டார். 'பிரம்மோ பப்ளிக் ஒபீனியன்' என்ற இதழ் இதைச் செய்தியாக வெளியிட்டது. அதை நம்பி ஏப்ரல் மாதத்தில் 'பெங்காலி'யில் சுரேந்திரநாத் எழுதிய குறிப்பு, நாரிஸை இங்கிலாந்தின் கொடுங்கோல் நீதிபதிகளான ஜெஃப்ரீஸ், ஸ்கிராக்ஸ் ஆகியோரோடு ஒப்பிட்டது. ஐரோப்பியரை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதாவை ஒட்டி ஆங்கிலேயருக்கும் இந்தியருக்கும் இடையே கசப்பு தலைக்கேறியிருந்த மாதங்கள் அவை. உடனே அவமதிப்பு அறிவிப்பு வந்தது.

ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள். யாரைப் பற்றிக் குறிப்பு எழுதப்பட்டதோ அந்த நாரிஸும் ஐவரில் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். சுரேந்திரநாத்துக்காக வாதாடியவர் டபிள்யூ. சி. பானர்ஜி. இரண்டு ஆண்டுகள் கழித்துக் காங்கிரஸின் முதல் தலைவரானவர் இவர்தான். ஐவரில் ஒரே இந்தியரான ரமேஷ் சந்திர மித்ர மட்டும் சிறைத்தண்டனை வேண்டாம், அபராதம் போதும் என்று கருதினார். மற்ற நால்வரும் இரண்டு மாதச் சிறை என்றார்கள். 1883 மே 5 அன்று தீர்ப்பு வந்தபோது நீதிமன்றத்துக்கு வெளியே திரண்ட மாணவர்கள் கண்ணாடிச் சன்னல்களைக் கல்லால் அடித்து உடைத்தார்கள். பிற்காலத்தில் அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த அசுதோஷ் முகர்ஜியும் அன்று அந்த மாணவர்களில் இருந்தார்.

அவர் உள்ளே இருந்த இரண்டு மாதங்களில் வெளியே என்ன நடந்தது என்பதே முக்கியம். லாகூரிலிருந்து பூனா வரை கண்டனக் கூட்டங்கள் நடந்தன. தேசிய நிதி திரட்டப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கல்கத்தாவில் அவரும் ஆனந்த மோகன் போஸும் தேசிய மாநாட்டைக் கூட்டிவிட்டார்கள். 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் முதல் முறை கூடியபோது அவர் அங்கே இல்லாததற்குக் காரணமும் இதுதான். அதே வாரத்தில் கல்கத்தாவில் இரண்டாவது தேசிய மாநாடு நடந்துகொண்டிருந்தது.

ஏட்டுச்சுரைக்காய்:

வழக்கு விவரம் அருமை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அவர் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். தாம் நல்லெண்ணத்தில் எழுதியதாகவும், செய்தி சரியல்ல என்று இப்போது தெரிந்துகொண்டதாகவும், வருந்துவதாகவும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார். நீதிபதிகள் ஏற்காததால்தான் சிறை. ராஜத்துரோக வழக்கில் திலகர் 1908-இல் மன்னிப்புக் கேட்காமல் நீதிமன்றத்தில் நின்ற நிலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வழக்குமன்றம்:

விடவில்லை, அதற்கு வரத்தான் இருந்தேன். மன்னிப்புக் கேட்டது உண்மை. திலகரோடு ஒப்பிடுவதுதான் பொருந்தவில்லை. திலகர் தாம் எழுதிய கருத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். கருத்தைத் திரும்பப் பெற அவருக்குக் காரணமே இல்லை. சுரேந்திரநாத் எழுதியது ஒரு நிகழ்ச்சியைப் பற்றி. இரு தரப்பு வக்கீல்களையும் கேட்டுக்கொண்டுதான் சாளக்கிராமம் கொண்டுவரப்பட்டது என்பது பிறகு தெரியவந்தது. செய்தி பிழை என்று தெரிந்த பிறகு வருத்தம் தெரிவிப்பது ஒரு பத்திராசிரியரின் கடமை. அந்த வருத்தத்தைக் கேட்ட பிறகும் சிறைக்கு அனுப்பினார்கள் என்பதுதான் அன்று மக்களைச் சூடேற்றியது. அடம்பிடித்துப் போயிருந்தால் இவ்வளவு அனுதாபம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

மலர்விழி:

1905-ஐச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன், எல்லோரும் அறிந்த பகுதி அது. ஆகஸ்ட் 7 அன்று டவுன் ஹால் கூட்டத்தில் அந்நியப் பொருள் புறக்கணிப்புத் தீர்மானம். அக்டோபர் 16 அன்று பிரிவினை நடைமுறைக்கு வந்தபோது ராக்கி கட்டிக்கொண்ட ஊர்வலங்கள். 1906 ஏப்ரலில் பரிசால் மாநாட்டு ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி, அவர் கைது, அபராதம். 'முடிந்துபோன விஷயம்' என்று லண்டனில் இந்திய விவகார மந்திரியாக இருந்த மார்லி சொன்ன பிரிவினை 1911 டிசம்பரில் ரத்தானது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் மோதிக்கொண்டபோது நடந்தது. ராஷ் பிகாரி கோஷைத் தலைவராக்கும் தீர்மானத்தை வழிமொழிய எழுந்தவர் இவர். கூச்சலில் பேச முடியவில்லை. மறுநாள் மேடையை நோக்கி எறியப்பட்ட மராட்டியச் செருப்பு ஃபிரோஸ்ஷா மேத்தாவின் மீதும் இவர் மீதும் பட்டது. முந்தைய ஆண்டு பரிசாலில் அரசாங்கத்தின் போலீஸ் அவரைக் கைது செய்தது. சூரத்தில் சொந்தக் கட்சியின் தொண்டர்கள் செருப்பை எறிந்தார்கள். அவர் பேசியது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். புறக்கணிப்பு வேண்டும், பிரிவினை தொலைய வேண்டும், ஆனால் எல்லாம் சட்டத்துக்குள் நடக்க வேண்டும். அவர் 1918-இல் மாறினார் என்பவர்கள் சூரத்தை எப்படி விளக்குவார்கள்? காங்கிரஸிலிருந்து பிரிந்து பம்பாயில் 1918 நவம்பரில் கூடிய மிதவாதிகள் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கியது புதிய பாதை அல்ல. பதினோரு ஆண்டுகளாகக் கீறல் விட்டிருந்தது அன்று உடைந்தது.

திலகரை அவர் வெறுத்தார் என்றும் சிலர் எழுதுகிறார்கள். 1897-இல் திலகர் சிறையில் இருந்தபோது அமராவதி காங்கிரஸில் அவருக்காக உருகிப் பேசியவர் சுரேந்திரநாத்தான்.

ஏட்டுச்சுரைக்காய்:

மலர்விழி அம்மா, நீங்கள் எனக்கு எதிராகப் பேசுவதாக நினைத்து எனக்குச் சாதகமாகப் பேசியிருக்கிறீர்கள். அவர் மாறவில்லை என்றுதான் நானும் சொன்னேன். 1876-இல் துணிச்சலாக இருந்தது 1921-இல் போதாமல் போயிற்று. மனு எழுதி, கூட்டம் போட்டு, சட்டசபையில் கேள்வி கேட்டு ஆட்சியை வளைக்கலாம் என்ற நம்பிக்கைக்குப் பிரிவினை ரத்தானதே உரமாகிவிட்டது. அந்த வெற்றியில் பாதிக்காவது தெருவில் இறங்கிய இளைஞர்களும், ரகசியச் சங்கங்களும், அவற்றைக் கண்டு அரசாங்கம் கொண்ட அச்சமும் காரணம். அதை அவர் தம் முறையின் வெற்றியாகவே கணக்கெழுதிக்கொண்டார்.

கொல்லிமலையார்:

இது கனமான வாதம். பாதி ஏற்கிறேன். ஆனால் இரட்டை ஆட்சி என்றால் என்ன என்பதைப் பார்க்காமல் அவர் அமைச்சர் பதவியை எடை போட முடியாது.

மாண்டேகு செம்ஸ்போர்டு திட்டத்தில் மாகாண ஆட்சியை இரண்டாகப் பிரித்தார்கள். தலசுயாட்சி, பொதுச் சுகாதாரம், கல்வி, விவசாயம், கலால் போன்றவை இந்திய அமைச்சர்களுக்கு. போலீஸ், நீதி, நிலவரி, நிதி ஆளுநரின் நிர்வாகக் குழுவுக்கு. பள்ளிக்கூடமும் குடிநீரும் மலேரியா ஒழிப்பும் அமைச்சரின் பொறுப்பு; அதற்குப் பணம் கொடுக்கும் பெட்டியின் சாவி வேறொருவர் இடுப்பில். வங்காளத்துக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் வருவாயைப் பிரித்த மெஸ்டன் பங்கீட்டில் சணல் ஏற்றுமதித் தீர்வை மத்திய அரசுக்குப் போய்விட்டது. அதற்கு மேல் மாகாணம் ஆண்டுக்கு 63 லட்சம் ரூபாய் மத்தியக் கருவூலத்துக்குக் கட்ட வேண்டும் என்றார்கள். மாகாணம் பற்றாக்குறையில் தத்தளித்ததால் 1922 முதல் அதை மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளிவைத்தார்கள். ஊர் ஊராகக் காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்த ஒரு மாகாணத்தின் சுகாதார அமைச்சருக்குக் கிடைத்த நிலைமை இது.

சென்னையோடு ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடு தெரியும். இங்கே நீதிக்கட்சி தேர்தலில் பெரும்பான்மை பெற்று ஒரு கட்சியாக அமைச்சரவை அமைத்தது. அதன் முதலமைச்சர் பனகல் அரசருக்குச் சட்டசபையில் கைதூக்க ஆட்கள் இருந்தார்கள். அதனால் இரட்டை ஆட்சியிலும் அறநிலையச் சட்டம் போன்றவற்றை நிறைவேற்ற முடிந்தது. சுரேந்திரநாத்துக்குப் பின்னால் அப்படி ஒரு கட்சி கிடையாது. மிதவாதிகள் பெயர் பெற்ற தலைவர்களின் குழுவாக இருந்தார்களே தவிர, கிளைகளும் தொண்டர்களும் உள்ள அமைப்பாக ஒருபோதும் ஆகவில்லை. சட்டசபையில் மசோதாவின் ஒவ்வொரு பிரிவுக்கும் உறுப்பினர்களைத் தனித்தனியே பேசி இணங்க வைத்துத்தான் அவர் காரியம் பார்க்க வேண்டியிருந்தது.

தாமிரபரணியான்:

கொல்லிமலையார் சொன்ன அந்த இணங்கவைத்தலுக்கு மிகப் பெரிய சான்று, நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட 1923-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதில் என்ன இருந்தது என்று பார்க்கலாம்.

அரசாங்கம் அமர்த்தும் அதிகாரி மாநகராட்சியின் தலைவராக இருக்கும் முறை ஒழிந்தது. உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள், தலைமை நிர்வாக அதிகாரியையும் அவர்களே அமர்த்துவார்கள். 1899-இல் பாதியாகக் குறைக்கப்பட்ட தேர்ந்தெடுக்கப்பட்டோர் பங்கு, ஐந்தில் நான்கு என்ற அளவுக்கு உயர்ந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. காசிப்பூர், மாணிக்தலா போன்ற புறநகர் நகராட்சிகள் கல்கத்தாவோடு இணைந்தன. சாக்கடையும் குடிநீரும் எல்லைக்கோட்டில் நின்றுவிடாது என்பது நகராட்சியில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். வடக்குப் பாரக்பூர் நகராட்சியின் தலைவராகவே அவர் பல ஆண்டுகள் இருந்தவர். காங்கிரஸ் தலைவர்களில் எத்தனை பேருக்கு ஒரு நகராட்சியின் குப்பை வண்டிக் கணக்கு தெரிந்திருக்கும்?

ஏட்டுச்சுரைக்காய்:

அதே சட்டத்தில் முஸ்லிம்களுக்கு, அவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித்தொகுதியும் இருந்தது. 1909 முதல் வகுப்புவாரித் தொகுதிகளை எதிர்த்து எழுதியவர், தம் சொந்தச் சட்டத்திலேயே அதை நுழைய விட்டார். இதற்கு உங்கள் பதில்?

தாமிரபரணியான்:

கேட்க வேண்டிய கேள்வி. தனித்தொகுதி நிரந்தரமாக இல்லாமல், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்ற வரம்போடு சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு பொதுத்தொகுதி. முஸ்லிம் உறுப்பினர்களின் வாக்கு இல்லாமல் மசோதா சட்டசபையில் தேறாது என்ற நிலை. முழு மசோதாவையும் கைவிடுவதா, காலவரம்போடு ஒரு விட்டுக்கொடுத்தலை ஏற்பதா என்று வந்தபோது இரண்டாவதைத் தேர்ந்தார். அவரது நண்பர்களே அதற்காக அவரைத் திட்டினார்கள். இதே ஆண்டின் இறுதியில் சுயராஜ்யக் கட்சித் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் முஸ்லிம் தலைவர்களோடு செய்துகொண்ட வங்காள உடன்படிக்கையில், சட்டசபைக்குத் தனித்தொகுதியும் அரசு வேலையில் 55 சதவீதமும் தருவதாக ஒப்புக்கொண்டார். தாஸ் செய்தால் அதைத் தொலைநோக்கு என்கிறோம், சுரேந்திரநாத் செய்தால் சரணாகதி என்கிறோம். இரண்டுக்கும் ஒரே தராசைப் பிடிக்க வேண்டும் என்பதே என் பதில்.

மலர்விழி:

தாஸ் பெயர் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1883-இல் சுரேந்திரநாத்தைச் சிறைக்கு இட்டுச்சென்ற செய்தியை வெளியிட்ட 'பிரம்மோ பப்ளிக் ஒபீனியன்' இதழின் ஆசிரியர் புவன் மோகன் தாஸ். சித்தரஞ்சனின் தந்தை அவர்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1923 இறுதியில் நடந்த சட்டசபைத் தேர்தலில், பாரக்பூரில் சுரேந்திரநாத்தைத் தோற்கடித்தவர் அரசியலுக்குப் புதியவரான மருத்துவர் பிதான் சந்திர ராய். சுயேச்சையாக நின்ற ராயின் பின்னால் இருந்தது சித்தரஞ்சனின் சுயராஜ்யக் கட்சி. சுரேந்திரநாத்துக்கு அப்போது 75 வயது, ராய்க்கு 41. மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரும்பாலான வாக்காளர்களுக்கு 1883-உம் 1905-உம் நினைவில் இருந்தன. அவர்களுக்கு முன் வைக்கப்பட்ட கேள்வி வேறு: உள்ளே போய் இந்த அமைப்பை நடத்துவதா, உள்ளே போய் இதை முடக்குவதா? காங்கிரஸைப் போல் வெளியே நிற்காமல், சுரேந்திரநாத்தின் இடத்துக்கே வந்து அவருடைய கருவியையே கையில் எடுத்துக்கொண்டு சுயராஜ்யக் கட்சியினர் அவரைத் தோற்கடித்தார்கள். 1924-இல் அமைச்சர்களின் சம்பளத்தையே சட்டசபையில் வெட்டி இரட்டை ஆட்சியைத் திணற வைத்தார்கள். சட்டசபையைப் பயன்படுத்தத் தெரிந்த தலைமுறையை உருவாக்கியவர்களில் ஒருவர், அந்தத் திறமைக்கே இரையானார்.

கொல்லிமலையார்:

மாநகராட்சியிலும் அதுவே நடந்தது. புதிய சட்டத்தின்படி 1924-இல் நடந்த முதல் தேர்தலில் சுயராஜ்யக் கட்சி வென்றது. சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயர். சுகராவர்தி துணை மேயர். தலைமை நிர்வாக அதிகாரியாக 27 வயது சுபாஷ் சந்திர போஸ். அந்தப் பதவிக்கு 3,000 ரூபாய் சம்பளம், போஸ் 1,500 மட்டும் எடுத்துக்கொண்டார். மாநகராட்சி ஊழியர்கள் கதர் உடுத்தினார்கள். இலவச ஆரம்பப் பள்ளிகளும் சுகாதாரச் சங்கங்களும் வந்தன. தெருக்களுக்குத் தேசத் தலைவர்களின் பெயர் வைத்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் வழிவிட்ட சட்டத்தை எழுதியவர், அப்போது பாரக்பூர் வீட்டில் உட்கார்ந்து தம் நினைவுகளை எழுதிக்கொண்டிருந்தார். அந்த நூல் 1925-இல் வெளிவந்தது. அதே ஆண்டு காந்தி பாரக்பூருக்கே போய் அவரைப் பார்த்தார். ஆகஸ்ட் 6 அன்று சுரேந்திரநாத் இறந்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கும் குறைவான இடைவெளியில், ஜூன் 16 அன்று தாஸ் இறந்திருந்தார்.

ஏட்டுச்சுரைக்காய்:

கொல்லிமலையார் சொன்ன கதைக்கு ஒரு பின்குறிப்பு சேர்க்கிறேன். அது என் கட்சிக்கு வலுச் சேர்ப்பதும்கூட. 1924 ஏப்ரலில் பொறுப்பேற்ற போஸை அக்டோபர் 25 அன்று கைது செய்தார்கள். விசாரணை கிடையாது, குற்றப்பத்திரிகை கிடையாது. 1818-ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குமுறைச் சட்டம் போதுமானதாக இருந்தது. கல்கத்தாவின் தலைமை நிர்வாக அதிகாரி சில வாரங்கள் அலிப்பூர்ச் சிறையில் இருந்தபடியே மாநகராட்சிக் கோப்புகளைப் பார்த்தார். பிறகு பர்மாவின் மாண்டலே சிறைக்குக் கொண்டுபோனார்கள். மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சுரேந்திரநாத் வாங்கிக் கொடுத்தார், மறுக்கவில்லை. போலீஸ் ஆளுநரிடமே இருந்தது. ஆளுநரின் கையில் இருந்த 'ஒதுக்கப்பட்ட' துறைகளைத் தொடாமல், அமைச்சர்களுக்குத் தரப்பட்ட 'மாற்றப்பட்ட' துறைகளில் மட்டும் சுயாட்சியைக் கட்டலாம் என்பதுதான் 1921-இல் அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை அவருடைய சட்டம் நடைமுறைக்கு வந்த ஏழாவது மாதத்திலேயே அரசாங்கம் தீர்த்துவிட்டது.

தாமிரபரணியான்:

போஸின் கைதைப் பொறுத்தவரை உங்களோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் போஸைச் சிறையில் வைத்திருந்தபோதும் அரசாங்கம் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறவில்லை, மாநகராட்சியும் கலையவில்லை. 1899-இல் ஒரு சட்டத்தை எழுதி 28 பேரை வெளியே போக வைத்த அதே அரசாங்கம், 1924-இல் ஒரு தலைமை நிர்வாக அதிகாரியைக் கடத்திப்போக வேண்டியிருந்ததே தவிர, அவரை அமர்த்திய மாநகராட்சியைத் தொட முடியவில்லை. 1930-இல் போஸ் அதே மாநகராட்சியின் மேயராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போதும் அவர் சிறையில்தான் இருந்தார்.